ஆறாவது மூலைவிட்டம்

கலசப்பாக்கத்திலிருந்து ஒரு பாலிடெக்னிக் மாணவர் கடிதம் எழுதியிருக்கிறார். சித்தப்பா ஓட்டி ஓய்ந்த மாருதி 800 ஒன்று, முன்பு தறி ஓடிய பின்கட்டுக் கொட்டகையில் நிற்கிறதாம். உடம்பெல்லாம் துரு, எஞ்சின் மட்டும் நல்ல நிலையில் இருக்கிறது. இதை வைத்து எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வீட்டிலேயே கட்ட முடியுமா, மேல்கூரையையும் கதவுகளையும் அறுத்து எடுத்துவிட்டால் போதுமா என்று கேட்கிறார்.

முதல் கேள்விக்கு, முடியும் தம்பி. இரண்டாவதற்கு, போதாது, உயிருக்கு ஆபத்தும்கூட. அறுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

மாருதி 800 எஞ்சினை வைத்துப் பந்தயக் கார் கட்டுவது நம் மண்ணுக்குப் புதிதில்லை. கோயம்புத்தூரில் எஸ். கரிவர்தன் என்று ஒருவர் இருந்தார். ஆலைத் தொழில் குடும்பம். தானே பந்தயம் ஓட்டியவர், தானே கார் வடிவமைத்தவர். வெளிநாட்டிலிருந்து பந்தயக் கார் தருவிப்பது பெரும் பணக்காரர்களுக்கே கைகூடிய காலம் அது. நாட்டில் எந்த ஊரிலும் உதிரிபாகம் கிடைக்கிற மாருதி 800-இன் எஞ்சினை எடுத்து, ஒற்றை இருக்கைக் காரில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தார். ‘ஃபார்முலா மாருதி’ அப்படித்தான் பிறந்தது. 1980களின் பிற்பகுதியில் களமிறங்கிய அந்தக் கார்களில்தான் ஒரு தலைமுறையே ஓட்டிப் பழகியது. ஃபார்முலா ஒன் பந்தயம் வரை போன இந்தியர்கள் இதுவரை இரண்டே பேர்: கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், சென்னை கருண் சந்தோக். இருவருமே ஃபார்முலா மாருதியில் ஓட்டித்தான் மேலே போனார்கள். கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் இறந்தபோது நாற்பதைத்தான் கடந்திருந்தார். செட்டிபாளையத்தில் 2003-இல் திறந்த பந்தயத் தடத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். நரேனையும் கருணையும் தெரிந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்? ஓட்டியவர்களைக் கொண்டாடுகிற அளவுக்குக் கட்டியவர்களை நாம் கொண்டாடுவதில்லை. எனக்கு அது தீராத மனக்குறை.

அந்தச் சின்ன எஞ்சின் எப்படிப் போதும்? 796 சி.சி., மூன்று சிலிண்டர், ஏறத்தாழ 37 குதிரைத் திறன். மாருதி 800-இன் எடை சுமார் 650 கிலோ. ஓட்டுபவரையும் சேர்த்தால் 720. ஒவ்வொரு குதிரைத் திறனும் இழுக்க வேண்டியது பத்தொன்பதரை கிலோ. அதே எஞ்சினை 400 கிலோ காரில் வைத்தால் ஒன்றுக்குப் பன்னிரண்டே முக்கால் கிலோதான் வரும். பழைய காரில் அந்த விறுவிறுப்பு வேண்டுமானால் 57 குதிரைத் திறன் எஞ்சின் தேட வேண்டும். அந்த எஞ்சினாலும் கிடைக்காத இரண்டை எடைக் குறைப்பு கொடுக்கும். பிரேக் பிடிக்கும்போது வெப்பமாக்கித் தொலைக்க வேண்டிய ஆற்றல் எடையோடு சேர்ந்து குறைகிறது. வளைவில் டயரின் பிடிப்பும் கூடுகிறது. சுமை ஏற ஏற டயர் தரும் பிடிப்பு அதே விகிதத்தில் ஏறாது, கொஞ்சம் பின்தங்கும். அதனால் அதே டயரில் இலேசான வண்டி வளைவை வேகமாகக் கடக்கும்.

எடையைக் குறைப்பது என்றால் என்ன? ஆரணிப் பக்கத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன் நான். கச்சாப் பட்டு விறைப்பாக, மங்கலாக இருக்கும். சோப்பும் சலவைச் சோடாவும் போட்ட நீரில் அதைக் கொதிக்கவைத்து எடுத்தால் எடையில் ஏறக்குறையக் கால் பங்கு காணாமல் போய்விடும். போனது செரிசின் என்கிற பசை. புழு தன் இரண்டு இழைகளையும் ஒட்டவைக்கப் பூசியது. நிற்பது ஃபைப்ரோயின். புடவையின் வலு முழுக்க அதில்தான். கொதி மிஞ்சினால் ஃபைப்ரோயினும் நைந்துபோகும், புடவை நிற்காது. கார் கட்டுகிறவர் கற்க வேண்டிய முதல் பாடமும் அதுதான். எது சுமக்கிறது, எது சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல் ரம்பத்தைக் கையில் எடுக்கக்கூடாது.

மாருதி 800-க்கு லாரியைப் போலத் தனிச் சேசிஸ் கிடையாது. தரைத் தகடு, கதவு நிலை, தூண், கூரை எல்லாம் சேர்ந்த தகட்டுக் கூடுதான் அதன் சேசிஸ். தம்பி அறுக்க நினைக்கிற கூரையும் சுமக்கிற உறுப்பு. அதை எடுத்துவிட்டால் கார் முறுக்கிக்கொள்ளும், நிலைகள் வளையும். துரு தின்ற தரையென்றால் கேட்கவே வேண்டாம், நடுவில் மடிந்துவிடும்.

என்னை வெகுகாலமாக ஆட்கொண்டிருக்கும் விசித்திரம் ஒன்று இங்கேதான் இருக்கிறது. இன்றைக்கே வீட்டில் செய்து பார்க்கலாம். தென்னந் துடைப்பத்திலிருந்து ஈர்க்குகளை உருவி, ஒரே அளவாகப் பன்னிரண்டு துண்டு நறுக்கி, முனைகளை நூலால் கட்டி ஒரு பெட்டிச் சட்டம் செய்யுங்கள். கையில் எடுத்தால் தொளதொளவென்று சாயும். சதுரத்துக்கு இயல்பாக விறைப்பு கிடையாது, முக்கோணத்துக்கு உண்டு. எனவே ஒரு பக்கத்துக்கு மூலைக்கு மூலை ஓர் ஈர்க்கு கட்டுங்கள். அந்தப் பக்கம் நிற்கும். இரண்டாவது பக்கம், மூன்றாவது என்று கட்டிக்கொண்டே போங்கள். ஐந்து பக்கத்துக்கும் கட்டி முடித்தபின் இரண்டு முனைகளையும் பிடித்து முறுக்கினால், பெட்டி இன்னும் முறுக்கிக்கொள்ளும்! ஆறாவது பக்கத்துக்கும் மூலைவிட்டம் கட்டினால்தான் நிமிர்ந்து நிற்கும். இதற்குக் கணக்கும் உண்டு. எட்டு முனைகள், ஒவ்வொன்றும் மூன்று திசையில் அசையலாம், ஆக 24. பெட்டி முழுசாக நகர்வதும் திரும்புவதுமான ஆறைக் கழித்தால் 18. பன்னிரண்டு விளிம்பு, ஆறு மூலைவிட்டம்; சரியாகப் பதினெட்டுக் குச்சி. ஒன்று குறைந்தாலும் பெட்டி முறுக்குக்கு இடம் கொடுத்துவிடும்.

காரிலோ அந்த ஆறாவது பக்கத்தை மூட முடியாது. அங்கேதான் மனிதர் உட்கார வேண்டும். எடை குறைந்த கார் வரலாற்றின் பெரும்பகுதி, இந்தத் திறந்த பக்கத்தோடு நடந்த மல்லுக்கட்டுதான் என்பேன். 1954-இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்.எல். காரைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். கதவுகள் பறவைச் சிறகு போல மேலே திறக்கும். அழகுக்காகச் செய்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். திறந்த பக்கத்தின் பலவீனத்தை ஈடுகட்ட, ஆள் உட்காரும் இடத்தின் இரு புறமும் குழாய்ச் சட்டத்தை உயரமாகக் கட்டினார்கள். சாதாரணக் கதவு வைக்க இடமில்லாமல் போனது, மேல்நோக்கித் திறக்க வேண்டியதாயிற்று. இங்கிலாந்தில் காலின் சாப்மன் கட்டுமானப் பொறியியல் படித்தவர். காதலி வீட்டுக் கொட்டகையில் பழைய ஆஸ்டின் செவன் ஒன்றைப் பிரித்துத் தன் முதல் காரைக் கட்டினார், 1948-ஆம் ஆண்டு. அவருடைய லோட்டஸ் செவன் 1957-இல் வந்தபோது இரு இருக்கைகளுக்கும் நடுவே ஓடும் சுரங்கப் பெட்டியும், தரையில் ரிவெட் அடித்த அலுமினியத் தகடும் முறுக்கைத் தாங்கின. தகடு ஒன்றே இரண்டு மூலைவிட்டத்துக்குச் சமம்; எந்தப் பக்கம் இழுத்தாலும் தாங்கும். அந்தக் காரை உதிரிகளாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் அன்றைக்கு வரி இல்லை. ஆனால் பூட்டும் முறையை எழுதித் தரக்கூடாது என்பது அன்றைய விதி. கழற்றும் முறையை எழுதித் தரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! நிறுவனம் அதை எழுதிக் கொடுத்தது. வாங்கியவர்கள் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கி முன்னோக்கிப் படித்துப் பூட்டினார்கள். 1996-இல் ரான் சாம்பியன் என்கிற ஆசிரியர், 250 பவுண்டில் வீட்டிலேயே ஸ்போர்ட்ஸ் கார் கட்டுவது எப்படி என்று புத்தகமே போட்டார். ஓர் அங்குலச் சதுரக் குழாய், பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றின் உறுப்புகள், ஒரு வெல்டிங் மெஷின். உலகம் முழுக்க ஆட்கள் அதைப் பார்த்துக் கட்டினார்கள்.

குழாயைத் தேர்வதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரே எடையில், ஒரு குழாயின் விட்டத்தை இரட்டித்துத் தகட்டுத் தடிமனைப் பாதியாக்கினால் விறைப்பு நான்கு மடங்காகும். அப்படியென்றால் காகிதம் போல மெல்லிய பெரிய குழாயாக வாங்கலாமே என்று தோன்றும். வெல்டிங் வைத்தால் ஓட்டை விழும், கல் பட்டால் நசுங்கும், நசுங்கிய குழாய் அழுத்தத்தில் மடங்கிவிடும். நம் ஊர்ப் பட்டறைகளில் கேட் செய்யும் கைக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கீழே போகாதிருப்பது நல்லது. எல்லாக் குழாயையும் முதலில் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்து, மூலைக்கு மூலை அளந்து இரண்டு அளவும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகே முழு வெல்டிங். ஒரே பக்கமாக வைத்துக்கொண்டு போனால் சூட்டில் சட்டம் கோணிவிடும்.

மாருதி எஞ்சின் தம்பிக்கு ஒரு வரம். எஞ்சின், கியர் பாக்ஸ், டிஃபரென்ஷியல் மூன்றும் குறுக்குவாட்டில் ஒரே கட்டாக இருக்கின்றன. கட்டைத் திருப்பாமல் முன்னாலிருந்து அப்படியே பின்னால் நகர்த்தினால் போதும். திருப்பி வைத்துவிட்டால் நான்கு கியர் பின்னோக்கியும் ஒன்று முன்னோக்கியும் ஓடும்! முன்சக்கரங்களைத் திருப்பும் மூட்டும் கூடவே பின்னால் வரும். ஸ்டியரிங் கம்பி பிடித்த இடத்தில் நீளம் மாறாத கம்பியைச் சட்டத்தோடு பூட்டிவிட வேண்டும். அந்தக் கம்பியின் நீளமும் கோணமும், சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் கீழ்க்கையோடு பொருந்தவில்லையென்றால், மேடு பள்ளத்தில் பின்சக்கரம் தானாகத் திரும்பும். வேகத்தில் அதைவிடக் கொடியது வேறில்லை.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிக்கிறேன் என்றால், மாற்றியமைப்பது என்ற பெயரில் ஊரெல்லாம் நடப்பது வேறு. பின்னால் ஓர் இறக்கை, அகல டயர், கனத்த அலாய் வீல், காதைப் பிளக்கும் சைலன்சர், கண்ணைக் குத்தும் விளக்கு. இவற்றில் பலவும் வண்டியில் கிலோவை ஏற்றுகின்றன. முப்பதாயிரம் ரூபாய் செலவழித்துக் காரை மந்தமாக்கிக்கொள்கிறார்கள். ஸ்பிரிங்கை அறுத்துத் தாழ்த்துவது இன்னும் மோசம். சக்கரம் ஏறி இறங்க இடமில்லாமல் கார் ரப்பர்க் கட்டையில் குதித்துக்கொண்டு போகும். காரின் எடை எவ்வளவு, நான்கு சக்கரத்திலும் எவ்வளவு விழுகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாதவர்கள், அதைத் திருத்திவிட்டதாகச் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சட்டமும் இடம் தராது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. கொட்டகையில் கட்டிய காரைக் கலசப்பாக்கம் கடைத்தெருவில் ஓட்டுவதற்கு வழியே இல்லை, இருக்கவும் கூடாது. அங்கே குழந்தைகள் பள்ளிக்கு நடந்து போகிறார்கள்.

ஓட்ட வேண்டிய இடம் பந்தயத் தடம். இருங்காட்டுக்கோட்டையில் ஒன்று, செட்டிபாளையத்தில் ஒன்று. உலகப் போர்க்கால விமான ஓடுதளமாகிய சோழவரத்தில் பந்தயம் பார்த்து வளர்ந்த மாநிலம் இது. செட்டிபாளையத்தில் ‘ஃபார்முலா பாரத்’ என்ற மாணவர் போட்டி நடக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் தாங்களே வடிவமைத்துக் கட்டிய ஒற்றை இருக்கைக் கார்களோடு வருகிறார்கள். தம்பி முதலில் அங்கே போய்ப் பார்வையாளராக நிற்க வேண்டும். ஓட்டத்தைவிடப் பரிசோதனைக் கூடத்தில் அதிக நேரம் நில்லுங்கள். இத்தகைய மாணவர் போட்டிகளில் தலைக்கு மேலான வளையக் குழாயில் சிறு துளை இருக்கும். தகட்டுத் தடிமன் சொன்னபடி இருக்கிறதா என்று அதன் வழியே அளப்பார்கள். காரை மேசையோடு 60 டிகிரி சாய்த்துப் பெட்ரோலோ எண்ணெயோ ஒழுகுகிறதா, சக்கரம் தூக்குகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு ஓட்டுநரைப் பட்டை எல்லாம் போட்டு உட்காரவைத்து, கைகளை ஸ்டியரிங்கில் வைக்கச் சொல்லி நேரம் குறிப்பார்கள். ஐந்து வினாடிக்குள் அவர் வெளியே வந்து நிற்க வேண்டும். சட்டம் எவ்வளவு விறைப்பாக இருந்தாலும் அந்தத் திறந்த பக்கத்தின் வழியே அவர் வர முடியவில்லையென்றால் காரைத் தடத்தில் இறக்க விடமாட்டார்கள்.