இருபது வருடம் கழித்து ஊர் திரும்பிய ராஜா

கடற்கரையில் ஒரு மனிதன் விழுந்து கிடக்கிறான். உடம்பில் ஒட்டுத் துணி இல்லை. தாடியும் தலையும் நரைத்துவிட்டன. உடம்பெல்லாம் பழைய காயத் தழும்புகள். பன்றி மேய்க்கும் ஒருவன் அவனைத் தன் குடிசையில் சேர்த்துக் காப்பாற்றுகிறான். யார், எந்த ஊர் என்று கேட்டால் வந்தவன் வாய் திறப்பதில்லை.

அவன்தான் அந்தத் தீவுக்கு ராஜா. காப்பாற்றியவன் அவனிடம் வேலை பார்த்தவன். எஜமானை அவனுக்கே அடையாளம் தெரியவில்லை!

"தி ரிட்டர்ன்" என்ற ஆங்கிலப் படம் இப்படித் தொடங்குகிறது. "ஊர் திரும்புதல்" என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். 2024-ம் ஆண்டு வெளிவந்த படம். டைரக்டர் உபர்ட்டோ பாசோலினி என்ற இத்தாலியர். ராஜாவாக ரால்ப் பைன்ஸ், ராணியாக ஜூலியட் பினோஷ் நடித்திருக்கிறார்கள். 1996-ல் வந்து ஒன்பது ஆஸ்கார் பரிசுகளை வாரிக்கொண்டு போன "தி இங்கிலீஷ் பேஷண்ட்" படத்திலும் இவர்கள் இருவரும் இருந்தார்கள். பழைய ரசிகர்களுக்கு ஞாபகம் இருக்கும். இருபத்தெட்டு ஆண்டு கழித்து மறுபடியும் சேர்ந்திருக்கிறார்கள். இருவர் முகத்திலும் வயது தெரிகிறது. மேக்கப் போட்டு அதை மறைக்காததே படத்துக்குப் பலம்.

கதை மிகப் பழையது. நமக்கு ராமாயணமும் பாரதமும் எப்படியோ, கிரேக்கர்களுக்கு "இலியட்", "ஒடிசி" என்ற இரண்டு காவியங்களும் அப்படி. இரண்டையும் பாடியவர் ஹோமர் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. "ஒடிசி" சுமார் 2,700 ஆண்டுகளுக்கு முந்தியது. 24 பகுதிகள், பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட அடிகள்.

இதாக்கா என்ற சின்னத் தீவின் ராஜா ஒடிசியஸ். கைக்குழந்தையையும் இளம் மனைவியையும் விட்டுவிட்டு, பன்னிரண்டு கப்பல்களில் ஆட்களை ஏற்றிக்கொண்டு டிராய் நகரத்துச் சண்டைக்குப் போகிறான். சண்டை பத்து வருடம். திரும்பி வருகிற வழி இன்னொரு பத்து வருடம். கப்பல்கள் எல்லாம் போயின. ஆட்கள் எல்லாம் மாண்டார்கள். இவன் ஒருவன்தான் பாக்கி.

ஊரில் என்ன நிலைமை? ராஜா செத்திருப்பான் என்று முடிவு கட்டி, அவன் மனைவி பெனிலோப்பியைக் கட்டிக்கொள்ள 108 பேர் அரண்மனையில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். தினமும் விருந்து. ராஜாவின் ஆடு மாடு பன்றி எல்லாம் இவர்கள் வயிற்றுக்குள். "மாமனாருக்கு ஈமத் துணி நெய்துகொண்டிருக்கிறேன், அது முடியட்டும்" என்கிறாள் ராணி. பகலில் நெய்கிறாள், இரவில் பிரிக்கிறாள். இந்தத் தந்திரத்திலேயே மூன்று வருடம் ஓட்டினாள் என்கிறது காவியம்.

கடவுளும் இல்லை, ராட்சதனும் இல்லை

இதே கதையை 1954-ல் "யுலிசஸ்" என்ற பெயரில் இத்தாலிக்காரர்கள் எடுத்தார்கள். கிர்க் டக்ளஸ் கதாநாயகன். ஒற்றைக்கண் ராட்சதன், மாயக்காரி எல்லாம் உண்டு. ராணியாகவும் மாயக்காரியாகவும் சில்வானா மங்கானோ என்ற ஒரே நடிகை இரட்டை வேடம் போட்டார். நமது ஊர்ப் புராணப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் படம் பழக்கப்பட்ட சரக்கு. 2025-ல் கிறிஸ்டோபர் நோலன் இதே காவியத்தை ஐமாக்ஸ் காமிராக்களைக் கொண்டு பிரம்மாண்டமாகப் படம் பிடித்தார். அதில் மாட் டேமன் ஒடிசியஸ்.

பாசோலினி போன வழி வேறு. கடல் சாகசங்களை அப்படியே விட்டுவிட்டார். காவியத்தின் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். கிரேக்க நாட்டின் கோர்பு தீவில் படப்பிடிப்பு. கல், புதர், கடல், புகை அடைந்த சுவர்கள். தேவதைகள் யாரும் வானத்திலிருந்து இறங்குவதில்லை.

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. மூலக் கதையில் ஒடிசியஸை யாரும் அடையாளம் காணாததற்குக் காரணம், அதீனா என்ற தேவி தன் கோலால் தொட்டு அவனைக் கிழவனாக மாற்றுவது. நம் நளன் கதையிலும் இப்படித்தான். கார்க்கோடகன் கடித்து அவன் உருவம் மாறிவிடுகிறது. வாகுகன் என்ற பெயரில் தேரோட்டியாக, தன் மனைவி இருக்கும் ஊருக்கே வந்து நிற்கிறான். புகழேந்திப் புலவரின் நளவெண்பாவைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு இது தெரியும். படத்தில் தேவியின் கோலும் கிடையாது, பாம்பும் கிடையாது. இருபது வருடம் என்ன செய்யுமோ அதைத்தான் செய்திருக்கிறது. அதற்கு மேல் மந்திரம் எதற்கு?

கூட்டிப்போனவன் தனியாக வந்தால்?

இன்னொரு கேள்வி உண்டு. இவன் ஏன் கரையேறிய உடனே "நான்தான் ராஜா" என்று சொல்லவில்லை? எதிரிகள் 108 பேர், உளவு பார்க்க வேண்டும் என்பது காவியம் சொல்லும் காரணம். அது சாமர்த்தியம். படத்தில் பைன்ஸ் முகத்தில் நான் கண்டது வெட்கம். ஊரிலிருந்து அத்தனை வாலிபர்களைக் கூட்டிக்கொண்டு போனவன், ஒருவனைக்கூடத் திருப்பிக் கொண்டுவரவில்லை. எந்த முகத்தோடு தெருவில் நடப்பான்?

இதைப் புரிந்துகொள்ள கிரேக்கம் படிக்க வேண்டியதில்லை. ஊரிலிருந்து பத்துப் பையன்களை, அவர்கள் தாய் தகப்பனிடம் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி வேலைக்கு அழைத்து வந்த மேஸ்திரி யாராவது இந்தப் பத்திரிகையைப் படித்துக்கொண்டிருந்தால், அவருக்கு நான் விளக்க வேண்டாம். அந்தப் பத்தில் ஒரு பையனுக்குச் சாரம் சரிந்து ஏதாவது ஆகிவிட்டால், அப்புறம் அந்தத் தெரு வழியாக அவரால் போக முடியாது. பொங்கலுக்கு லீவு கிடைத்தாலும் ஊருக்குப் போகமாட்டார். கேட்டால் "வேலை ஜாஸ்தி" என்பார்.

நான் ரயில்வேயில் குமாஸ்தா. தாதரிலிருந்து திருநெல்வேலி வண்டி புறப்படும் நாட்களில் பிளாட்பாரத்தைப் பார்த்தால் மும்பையிலுள்ள பாதித் தமிழர்கள் அங்கே நிற்பதுபோல் இருக்கும். பெட்டி, மூட்டை, மிக்சி, குழந்தைக்குச் சைக்கிள். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு துணிப்பையோடு நிற்கிறவர்களும் உண்டு. யார் கண்ணையும் பார்க்கமாட்டார்கள். இப்படிப்பட்ட ஒருவர், இருட்டிய பிறகுதான் ஊருக்குள் நுழைவேன் என்று என்னிடம் சொன்னார். கரையில் கிடந்த அந்தக் கிரேக்க ராஜாவைப் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அவர்தான்.

ஹோமர் இதை மறந்தவர் அல்ல. காவியத்தின் கடைசிப் பகுதியில், கொல்லப்பட்ட ஒருவனின் தகப்பன் ஊர்க் கூட்டத்தில் எழுந்து கேட்கிறான்: "கப்பல்களையும் ஆட்களையும் கொண்டுபோய்த் தொலைத்தான். இப்போது வந்து மிச்சம் இருந்தவர்களையும் கொன்றான். இதற்கு என்ன பதில்?" என்ற கருத்தில். உடனே தேவி குறுக்கே வந்து சமாதானம் செய்து வைத்துவிடுகிறாள். கேள்வி அமுங்கிவிடுகிறது. பாசோலினி அந்த அமுங்கிப்போன கேள்வியைத் தோண்டி எடுத்து, படத்தின் நடுவில் வைத்துவிட்டார்.

நாய்க்குத் தெரிந்தது

வந்தவனை யார் யார் கண்டுகொள்கிறார்கள் என்பதில்தான் இந்தக் கதையின் ருசி.

பன்றி மேய்க்கும் யூமேயஸ் கண்டுகொள்ளவில்லை. ஆனால், யாரென்று தெரியாமலே சோறு போட்டவன் அவன்தான். காவியத்தில் அவனுக்கும் ஒரு கதை உண்டு. அவனே ஒரு ராஜாவின் பிள்ளை. சிறு வயதில் கடத்தி, அடிமையாக விற்றுவிட்டார்கள். அந்நிய ஊரில் வயிற்றுப்பாட்டுக்கு வந்தவனுக்குத்தான் அந்நியனின் பசி தெரிகிறது.

நாய் கண்டுகொள்கிறது. ஆர்கோஸ் என்று பெயர். எஜமான் சண்டைக்குப் போகுமுன் வளர்த்த நாய். இப்போது கவனிப்பாரற்றுக் குப்பைமேட்டில், உண்ணி அப்பி, எழுந்திருக்கத் தெம்பில்லாமல் கிடக்கிறது. பழைய எஜமான் பக்கத்தில் வந்ததும் வாலை ஆட்டுகிறது, காதைத் தாழ்த்துகிறது, செத்துப்போகிறது. கூட இருப்பவனுக்குத் தெரியாமல் ராஜா கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். ஹோமர் இதற்குச் செலவழித்தது நாற்பது அடிகளுக்குள்தான். படத்திலும் இந்தக் காட்சியை இழுக்கவில்லை. நம் டைரக்டர்களில் சிலர் கையில் கிடைத்திருந்தால் நாய்க்கு ஒரு பாட்டே வைத்திருப்பார்கள்!

வளர்த்த தாதி யூரிக்ளியா, கால் கழுவும்போது தொடையில் உள்ள பன்றி குத்திய பழைய தழும்பைத் தடவிக் கண்டுகொள்கிறாள். மூலத்தில் ராஜா அவள் கழுத்தைப் பிடித்து, வெளியே சொன்னால் தொலைத்துவிடுவேன் என்று மிரட்டுகிறான். எடுத்து வளர்த்த கிழவியை!

பெற்ற மகனுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? தொட்டிலில் கிடந்தபோது போன தகப்பன். மகன் டெலிமாக்கஸுக்குத் தகப்பன் என்றால் ஊரார் சொன்ன கதை, அவ்வளவுதான். அந்தக் கதையில் வருகிறவன் மகா வீரன். எதிரே நிற்பவன் ஒரு பரதேசி. பையனுக்கு வருவது ஆத்திரம். "இத்தனை நாள் எங்கே இருந்தாய்?" என்கிற ஆத்திரம். வருடத்துக்கு ஒரு முறை போகும் நம் வீடுகளிலேயே குழந்தை அம்மா முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. இருபது வருடத்துக்கு என்ன கணக்கு? இந்த வேஷத்தில் சார்லி பிளம்மர் என்ற வாலிபர் நடித்திருக்கிறார். கொஞ்சம் அதிகமாகவே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார் என்பது என் அபிப்பிராயம்.

ராணிக்குத் தெரியுமா?

படத்தின் உச்சம் வில்லை வளைக்கும் காட்சி அல்ல. ராணியும் பிச்சைக்காரனும் இரவில் பேசுகிற காட்சிதான். டிராய் சண்டையில் இருந்தவன் என்று கேள்விப்பட்டு ராணி அவனிடம் விசாரிக்கிறாள். புருஷனைப் பற்றித்தான் கேட்கிறாள். ஆனால், கேள்வி எங்கெங்கோ போகிறது. ஆண்கள் ஏன் வீட்டை விட்டுச் சண்டைக்குப் போகிறார்கள்? அடுத்தவன் வீட்டை ஏன் கொளுத்துகிறார்கள்? சொந்தக் குடும்பம் அவர்களுக்குப் போதவில்லையா?

எதிரே இருப்பவன் யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதா, இல்லையா? ஹோமரைப் படித்த பண்டிதர்கள் இன்றுவரை இதில் கட்சி பிரிந்து வாதாடுகிறார்கள். பினோஷ் பதில் சொல்லவில்லை. அவர் கண் சொல்கிறது, வாய் மறைக்கிறது. தமயந்தி பரவாயில்லை. சமையல் ருசியைப் பார்த்தாள், குழந்தைகளை அனுப்பிப் பார்த்தாள், கண்டுபிடித்துவிட்டாள், கட்டிக்கொண்டாள். பெனிலோப்பிக்குக் கண்டுபிடித்த பிறகுதான் சிக்கல். வந்தவன் தன் புருஷன்தான், ஆனால் போனவன் இவன்தானா?

வில்லும் வருகிறது. ராஜாவின் பழைய வில்லுக்கு நாண் ஏற்றி, வரிசையாக நட்ட பன்னிரண்டு கோடாலிகளின் துவாரத்தில் அம்பு விடுகிறவனைக் கட்டிக்கொள்வேன் என்கிறாள் ராணி. ஜனகர் சபையில் வில்லை வளைத்தவனுக்கு மாலை கிடைத்தது. இங்கே வளைத்தவன் ஏற்கெனவே மாலை போட்டவன்! அப்புறம் நடப்பது கொலைக்களம். காவியத்தில் அந்த நேரம் தேவி ராணியைத் தூங்க வைத்துவிடுகிறாள். எழுந்து வரும்போது இடத்தைக் கழுவிவிட்டிருக்கிறார்கள். படத்தில் அந்தச் சலுகை அவளுக்கு இல்லை. எல்லாம் கண்ணெதிரே நடக்கிறது. தெய்வத்தின் பெயரில் பழியைப் போடவும் வழியில்லை. யார் யாரைக் கொல்கிறார்கள் என்பதைப் படம் பார்க்கப் போகிறவர்களுக்காக விட்டுவிடுகிறேன்.

ஒரு குறை உண்டு. ஹோமரின் ஒடிசியஸ் வாயாடி. வாயைத் திறந்தால் பொய். அதிலும் கேட்கச் சுகமான பொய். ஒவ்வொரு ஆளிடமும் ஒவ்வொரு கதை சொல்லுவான், தேவியிடமே புளுகுவான், அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு இந்தப் படத்தில் துளிகூட இல்லை. ஊமைபோல் இருக்கும் ஒரு மனிதனை இரண்டு மணி நேரம் பார்க்க வேண்டியிருக்கிறது. நடுவில் படம் ஊர்ந்து போகிறது. டூட்டி முடிந்து அலுத்து வந்த உடனே உட்கார்ந்தால் தூக்கம் வரும். வாராந்திர லீவு நாளில் பார்ப்பது உத்தமம்.

வசனம் ஆங்கிலம்தான். கொஞ்சமாகப் பேசுகிறார்கள், நிறுத்தி நிதானமாகப் பேசுகிறார்கள். பத்தாவது வரை படித்தவர்களுக்கு முக்கால்வாசி புரியும். ரத்தம் அதிகம், உடையில்லாத காட்சிகளும் உண்டு. பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டுப் போடவும்.