மிடில் பெர்த்தை மாட்டும்போது

தேனி மாவட்டத்துக் கோம்பைக்காரர்கள் சென்னைக்கு ரயிலேற வேண்டுமென்றால் பண்ணைப்புரம், தேவாரம் வழியாகப் போடி போய்ச் சேர வேண்டும். 2010 கடைசியில் மீட்டர்கேஜ் பாதையை மூடியதும் அந்த வழியும் அடைபட்டது. அகலப் பாதை தேனி வரை 2022 மே மாதம்தான் வந்தது; போடியை எட்டியது 2023 ஜூன் 15 அன்று. இப்போது வாரத்தில் மூன்று நாள் சென்னை சென்ட்ரலுக்கு ராத்திரி வண்டி உண்டு. இடைப்பட்ட காலமெல்லாம் பஸ்ஸிலேயே போய்வந்த பிள்ளைகளுக்கு மிடில் பெர்த்தைத் தூக்கி மாட்டுவது புது வேலை.

வேலை சின்னதுதான், ஆனால் விஷயம் பெரியது. மூன்றடுக்குப் பெட்டியில் கீழ் பெர்த்தும் மேல் பெர்த்தும் இருந்த இடத்திலேயே நிலையாக இருப்பவை. நடுவில் உள்ளது மட்டும் பகலில் முதுகுச் சாய்மானம், இரவில் படுக்கை. பின்பக்கம் கீல், முன்பக்கம் மேலிருந்து தொங்கும் சங்கிலியோ, பெட்டியைப் பொறுத்து வேறு வகைக் கொண்டியோ தாங்கிப் பிடிக்கிறது. படுப்பவரின் எடையைத் தாங்குவது கீலும் அந்த முன்பக்கப் பிடிகளும்தான். நாள் தவறாமல் ஏற்றி இறக்குவதால் கீல் பின்னும் கொக்கியும் தேயும். ரெக்சின் கிழிந்தால் எல்லோர் கண்ணிலும் படும். கொக்கி வாய் விரிந்தால் படாது.

2024 ஜூனில் எர்ணாகுளத்திலிருந்து ஹஸ்ரத் நிஜாமுதீன் போன மில்லேனியம் எக்ஸ்பிரஸில், கீழ் பெர்த்தில் படுத்திருந்த கேரளப் பயணி மீது மேலேயிருந்த பெர்த் விழுந்தது. கழுத்தில் பலத்த அடிபட்டு மருத்துவமனையில் இறந்துபோனார். பெர்த்தில் பழுதில்லை, இன்னொரு பயணி சங்கிலியைச் சரியாக மாட்டவில்லை என்று ரயில்வே விளக்கம் தந்தது. இருக்கலாம். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் அரைத் தூக்கத்தில் மாட்டும் கொக்கியை நம்பி இன்னொருவர் கீழே படுக்கிறார். சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்தவுடன் தெரியும்படி கொண்டியை அமைப்பது ரயில்வேயின் பொறுப்பு.

பராமரிப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஓடி முடித்து வரும் வண்டியை பிட் லைன் எனும் பராமரிப்புத் தடத்தில் நிறுத்திச் சோதிக்கிறார்கள். சுமார் 18 மாதத்துக்கு ஒருமுறை பெட்டி பெரம்பூர், பொன்மலை போன்ற பணிமனைகளுக்குப் போகிறது. அங்கே தேய்ந்த பின்னை மாற்றி, கீலைச் சரிசெய்து, நைந்த மெத்தையைப் புதுப்பிக்கிறார்கள். இடையில் வரும் பழுது பல நேரம் யாராவது சொன்னால்தான் தெரியவரும்.

2017 விதிப்படி மிடில் பெர்த்தில் படுக்கும் நேரம் இரவு 10 முதல் காலை 6 வரை. மாட்டியதும் இரண்டு பக்கமும் கையால் பலமாக அழுத்திப் பாருங்கள். ஆடினாலோ, ஒரு பக்கம் தாழ்ந்தாலோ, சங்கிலியைக் கயிற்றால் கட்டிச் சமாளிக்காதீர்கள். டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லி வேறு பெர்த் கேளுங்கள். ரயில்வே உதவி எண் 139-ஐ அழைத்துப் பெட்டி எண்ணையும் பெர்த் எண்ணையும் பதிவு செய்யுங்கள்.