வெள்ளித்திரை (2008 திரைப்படம்)

வெள்ளித்திரை என்பது 2008 மார்ச் 7 அன்று வெளிவந்த தமிழ்த் திரைப்படம் ஆகும். 'அழகிய தீயே' (2004), 'மொழி' (2007) ஆகிய படங்களுக்கு உரையாடல் எழுதிய விஜி இப்படத்தின் மூலம் இயக்குநராக அறிமுகமானார். பிருத்விராஜ், கோபிகா, பிரகாஷ்ராஜ் ஆகியோர் முதன்மை வேடங்களில் நடித்தனர். ஜி. வி. பிரகாஷ் குமார் இசையமைத்தார். இது 2005-இல் வெளிவந்த 'உதயநாணு தாரம்' என்னும் மலையாளப் படத்தின் தழுவலாகும்.

பிறர் எழுதிய கதையைத் தன்னுடையதாகக் காட்டி ஒருவர் பேரும் புகழும் அடைவதும், உண்மையில் எழுதியவர் கைவிடப்பட்டு நிற்பதும் இப்படத்தின் மையப் பொருள். நகைச்சுவை கலந்த நாடகமாகச் சொல்லப்பட்டாலும், திரைத்துறையில் உதவி இயக்குநர்கள் அன்றாடம் எதிர்கொள்ளும் ஓர் அச்சத்தை இது பேசுகிறது.

கதைச் சுருக்கம்

சரவணன் (பிருத்விராஜ்) படம் இயக்கும் கனவோடு வாழும் உதவி இயக்குநர். அவருடைய நண்பர் (பிரகாஷ்ராஜ்) நடிகனாகும் ஆசையில் வாய்ப்புத் தேடி அலைபவர். சரவணன் நெடுநாள் உழைத்து ஒரு திரைக்கதையை எழுதி முடிக்கிறார். நண்பர் அந்தக் கையெழுத்துப் படியைத் திருடிக்கொண்டு போய், தன்னையே கதாநாயகனாக்கும் ஏற்பாட்டுடன் அதைப் படமாக்க வைக்கிறார். படம் பெருவெற்றி பெறுகிறது. நண்பர் திலீப்காந்த் என்ற புதிய பெயருடன் உச்ச நடிகராகிறார். எழுதிய சரவணனுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அவரை விரும்பி மணக்கும் நடிகை மைதிலியுடனான (கோபிகா) வாழ்க்கையிலும் இந்தத் தோல்வி நிழலாக விழுகிறது.

பிற்பாடு சரவணனுக்குப் படம் இயக்கும் வாய்ப்பு வருகிறது. ஆனால் அதில் நடிக்க வருபவர் அதே திலீப்காந்த். படப்பிடிப்பில் அவர் கொடுக்கும் தொல்லைகள் ஏராளம். இறுதியில் நடிகருக்குத் தெரியாமலேயே அவரைப் படம்பிடித்து, மீதிக் காட்சிகளைச் சரவணன் முடிக்கிறார்.

மூலப்படமும் பிற தழுவல்களும்

'உதயநாணு தாரம்' படத்தை ரோஷன் ஆண்ட்ரூஸ் இயக்கினார். அதுவே அவருடைய முதல் படம். திரைக்கதையை எழுதியவர் சீனிவாசன். கதையைப் பறிகொடுக்கும் உதயபானுவாக மோகன்லாலும், திருடி உயரும் ராஜப்பனாகச் சீனிவாசனும் நடித்தனர். ராஜப்பன் 'சரோஜ் குமார்' என்று பெயர் மாற்றிக்கொண்டு நட்சத்திரமாவான். திரைக்கதை எழுதிய ஒருவரே கதைத் திருடனின் வேடத்தைத் தனக்கு எடுத்துக்கொண்டது குறிப்பிடத்தக்கது. இக்கதை 2009-இல் 'ஷார்ட்கட்' என்ற பெயரில் இந்தியிலும் எடுக்கப்பட்டது.

நடிகருக்குத் தெரியாமல் அவரை வைத்துப் படமெடுக்கும் உத்தி, 1999-இல் வெளிவந்த 'போஃபிங்கர்' என்னும் ஹாலிவுட் படத்திலும் உண்டு. கதைத் திருட்டைக் கண்டிக்கும் ஒரு படத்திலேயே வேறொரு படத்தில் வந்த உத்தி இடம்பெறுவது முரணாகத் தோன்றலாம். ஆனால் ஒரு கருவைப் பலரும் பயன்படுத்துவது வேறு, ஒருவர் எழுதி முடித்த படியை எடுத்துக்கொள்வது வேறு. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால்தான் கதைத் திருட்டு என்பது எது என்று தெளிவாகும்.

படம் காட்டும் திருட்டு

வெள்ளித்திரையில் நடப்பது ஐயத்திற்கு இடமில்லாத திருட்டு. எழுதியவர் யார், எடுத்தவர் யார் என்பது பார்வையாளருக்குத் தெரியும். ஆனால் கதைக்குள் இருக்கும் மற்றவர்களுக்கு அது தெரியாது. சரவணனின் உண்மையான இக்கட்டு இதுதான். எழுதிய படி அவர் கையில் இல்லை. எழுதியதற்குச் சாட்சியும் இல்லை. இருந்த ஒரே சாட்சி நண்பர், திருடியவரும் அவரே.

திரைத்துறையில் இத்தகைய நிலை ஏற்படக் காரணம் உண்டு. புதிய எழுத்தாளர் வாய்ப்புப் பெற வேண்டுமானால் தம் கதையைத் தயாரிப்பாளர், நடிகர், இயக்குநர் எனப் பலரிடமும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் அது வாய்மொழியாகவே நடக்கிறது. கேட்டவர் 'பிறகு பார்க்கலாம்' என்று அனுப்பிவிட்டால், கதை சொல்லப்பட்டதற்கு எழுத்துச் சான்று எதுவும் இராது. கதையைச் சொல்லாமல் வாய்ப்பு வராது. சொன்னால் பாதுகாப்பு இல்லை.

திருடியவரின் நிலையையும் படம் காட்டுகிறது. திலீப்காந்துக்குப் புகழ் கிடைக்கிறது. ஆனால் அந்தப் புகழைத் தந்த எழுத்துத் திறமை அவரிடம் இல்லை. அதனால்தான் கதையின் பிற்பகுதியில் அவர் மீண்டும் சரவணனின் படத்திலேயே வந்து நிற்க நேர்கிறது.

சட்டத்தின் பார்வை

இந்தியாவில் எழுத்துப் படைப்புகளைக் காப்பது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். கதை, நாடகம், திரைக்கதை ஆகியவற்றை எழுதியவர் வாழும் காலம் முழுவதும், அவர் மறைந்த பின் மேலும் 60 ஆண்டுகளும் பதிப்புரிமை நீடிக்கும். எழுதி முடித்தவுடனேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமில்லை. உரிமையை விற்றுவிட்ட பிறகும், 'இதை எழுதியவன் நான்' என்று கோரும் உரிமை எழுதியவருக்கு உண்டு என்று இச்சட்டத்தின் 57-ஆம் பிரிவு கூறுகிறது. தெரிந்தே உரிமையை மீறுவோருக்கு 63-ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

ஆனால் சட்டம் காப்பது எழுதப்பட்ட வடிவத்தையே, கருவை அன்று. இதை விளக்கிய முதன்மையான தீர்ப்பு 1978-இல் உச்ச நீதிமன்றம் ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் வழங்கியது. கட்டடக் கலைஞரும் நாடக ஆசிரியருமான ஆனந்த், 1953-இல் 'ஹம் இந்துஸ்தானி' என்ற நாடகத்தை எழுதினார். 1954-இல் அது தில்லியில் மேடையேறியது. ஒரு பஞ்சாபிக் குடும்பத்துக்கும் தென்னாட்டுக் குடும்பத்துக்கும் இடையே காதலால் எழும் மாகாணப் பூசலே அதன் பொருள். திரைப்பட இயக்குநர் மோகன் சேகலுக்கு நாடகத்தை ஆனந்த் படித்துக் காட்டினார். 1956-இல் சேகல் இயக்கிய 'நியூ டெல்லி' வெளிவந்தது. அதிலும் பஞ்சாபி இளைஞனும் தமிழ்ப் பெண்ணும் காதலித்தனர். வைஜயந்திமாலா அப்பெண்ணாக நடித்தார்.

தம் நாடகம் திருடப்பட்டதாக ஆனந்த் வழக்குத் தொடுத்தார். விசாரணை நீதிமன்றம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் மூன்றிலும் அவர் தோற்றார். மாகாண வேற்றுமை என்ற கரு பொதுவானது. அதை யாரும் கையாளலாம். நாடகம் அக்கருவைத் திருமணத்தோடு மட்டும் இணைத்தது. படமோ வாடகை வீடு கிடைக்காத சிக்கல், வரதட்சணைக் கொடுமை ஆகியவற்றையும் பேசியது என்று நீதிமன்றம் கண்டது. இரண்டையும் பார்க்கும் வாசகரோ பார்வையாளரோ 'பின்னது முன்னதன் நகலே' என்று ஐயமின்றி உணர வேண்டும். அப்போதுதான் அது திருட்டு என்பதே அத்தீர்ப்பு வகுத்த அளவுகோல். பிற்கால வழக்குகள் பலவற்றுக்கும் இதுவே வழிகாட்டியாக அமைந்தது.

தமிழ்த் திரையுலகில் எழுந்த புகார்கள்

1996-இல் 'இனிய உதயம்' இதழில் வெளிவந்த தமது 'ஜுகிபா' கதையை ஒத்திருப்பதாக, 2010-இல் வெளியான 'எந்திரன்' படத்தின் மீது எழுத்தாளர் ஆரூர் தமிழ்நாடன் வழக்குத் தொடுத்தார். இழப்பீடு கோரிய அந்த உரிமையியல் வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் தள்ளுபடி செய்தது. படம் வெளிவந்து 12 ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே அத்தீர்ப்பு வந்தது. வெற்றியோ தோல்வியோ, ஓர் எழுத்தாளர் இவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

2018-இல் 'சர்கார்' படம் தொடர்பாக எழுந்த புகார் வேறு வகையில் முடிந்தது. தாம் 2007-இல் பதிவு செய்த 'செங்கோல்' கதையும் 'சர்கார்' கதையும் ஒன்றே என்று உதவி இயக்குநர் வருண் ராஜேந்திரன் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் முறையிட்டார். ஒருவரது வாக்கை வேறொருவர் கள்ளவாக்காகப் போட்டுவிடுவதே இரு கதைகளுக்கும் பொதுவான தொடக்கம். சங்கத்தின் தலைவராக இருந்த இயக்குநர் கே. பாக்யராஜ் இரண்டின் கருவும் ஒன்றே என்று கருத்துத் தெரிவித்தார். படத்தின் இயக்குநர் ஏ. ஆர். முருகதாஸ் திருட்டுப் புகாரை மறுத்தார். உயர் நீதிமன்றத்தில் இருந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. படத்தில் வருண் ராஜேந்திரனின் பெயரைக் குறிப்பிட ஒப்புக்கொள்ளப்பட்டது. சங்கத்தில் முன்பே பதிந்து வைத்திருந்ததே அவருக்குப் பெரிதும் துணை நின்றது.

எழுதுவோர் கவனிக்க வேண்டியவை

படத்தில் வரும் சரவணனிடம் இல்லாதது சான்று. அதைச் சேர்த்து வைப்பது கடினமன்று.

கதையை முழுமையாக எழுதி, நாளிட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட படிகளை வெவ்வேறு இடங்களில் வைத்திருக்க வேண்டும். ஒருவரிக் கருவை மட்டும் எழுதி வைத்தால் பயனில்லை. காட்சிகள், பாத்திரங்கள், உரையாடல் ஆகியன விரிவாக இருக்கும்போதே பாதுகாப்பு வலுவாகிறது. எழுத்தாளர் சங்கத்திலோ மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத்திலோ பதிந்து கொள்ளலாம். பதிப்புரிமை அலுவலகப் பதிவேட்டை நீதிமன்றம் முதல்நிலைச் சான்றாக ஏற்கும். தனக்குத்தானே பதிவுத் தபால் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைத்திருக்கும் வழக்கமும் உண்டு. ஆனால் சட்டத்தில் அதற்கெனத் தனி இடம் இல்லை. கதை சொல்லப் போகும் முன்னும் பின்னும் மின்னஞ்சலில் சுருக்கத்தை அனுப்பி வைத்தால், யாரிடம் எப்போது சொல்லப்பட்டது என்பதற்கு ஒரு தடயம் இருக்கும்.

ஒப்பிடத்தக்க படம்

2012-இல் வெளிவந்த 'தி வேர்ட்ஸ்' என்னும் அமெரிக்கப் படமும் இதே பொருளைக் கையாள்கிறது. பாரிசில் வாங்கிய பழைய தோல்பையில் கிடைக்கும் கையெழுத்துப் படியை, ஓர் இளம் எழுத்தாளர் தம் நாவலாக வெளியிட்டுப் புகழ் பெறுகிறார். பின்னர் அதை எழுதிய முதியவர் அவரைத் தேடி வருகிறார். அங்கே பேசப்படுவது திருடியவரின் குற்ற உணர்வு. வெள்ளித்திரை திருட்டுக் கொடுத்தவரின் பக்கம் நின்று கதை சொல்கிறது. சரவணன் நீதிமன்றத்துக்குப் போவதில்லை. மீண்டும் ஒரு படத்தை உருவாக்கியே தம் திறமையை மெய்ப்பிக்கிறார்.