பொன்னோடு வரும் நஞ்சு

ஆசனோபைரைட்டு என்பது வெள்ளியைப் போல மினுங்கும் ஒரு கனியம். இரும்பு, ஆசனிக்கு, கந்தகம் ஆகிய மூன்று மூலகங்களும் ஓர் அணு வீதம் சேர்ந்து இச்சேர்வை உருவாகின்றது. அவற்றின் சார் அணுத்திணிவுகள் முறையே 56, 75, 32 ஆகும். எனவே, இக்கனியத்தின் திணிவில் ஏறத்தாழ 46 சதவீதம் ஆசனிக்கு ஆகும். நீரைப் போல ஆறு மடங்கு அடர்த்தியுடைய இதனைச் சுத்தியலால் அடித்தால் வெள்ளைப்பூட்டின் மணம் எழும்.

பாறையினுள் கிடக்கும்வரை இது நீரில் எளிதில் கரைவதில்லை. ஆனால், சில இடங்களில் இதனுள்ளே பொன் சிறைப்பட்டிருக்கின்றது. அப்பொன்னைப் பெறக் கனியத்தை வறுக்கும்போது ஆசனிக்கு மூவொட்சைட்டு ஆவியாக வெளியேறிப் பின்னர் வெண்தூளாகப் படிகின்றது. அத்தூளுக்கு மணமுமில்லை, சுவையுமில்லை. அது நீரிலும் கரையும். ஆபத்து இங்கேதான் தொடங்குகின்றது.

கனடாவின் யெலோநைஃப் நகருக்கு அருகேயுள்ள ஜயன்ற் சுரங்கத்தில் 1949இல் இவ்வாறு வறுக்கத் தொடங்கினர். புகையில் வந்த நஞ்சு பனிமீது படிந்தது. பனியை உருக்கிக் குடிநீராக்கிய டெனே பழங்குடியினரின் குழந்தையொன்று 1951இல் உயிரிழந்தது. பின்னர் சேகரித்து நிலத்தடியில் அடைக்கப்பட்ட தூளின் அளவு 2,37,000 தொன். 2004இல் சுரங்கம் மூடப்பட்டபோதும் தூள் அங்கேயே இருந்தது. அது நீரில் கலவாதிருக்க, சூழவுள்ள பாறையை உறையவைக்கும் திட்டம் வகுக்கப்பட்டது.

உடலுள் சென்ற ஆசனிக்கு, நொதியங்களிலுள்ள கந்தகக் கூட்டங்களுடன் பிணைந்து கலச்சுவாசத்தைத் தடைசெய்கின்றது. அதிக அளவில் உட்சென்றால் வாந்தி, வயிற்றுவலி, வயிற்றோட்டம் ஏற்பட்டு மரணமும் நேரலாம். சிறிதளவே ஆயினும் பல்லாண்டுகள் தொடர்ந்து உட்சென்றால் தோலில் கரும்புள்ளிகள் தோன்றும். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடிக்கும். தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோயும் உண்டாகலாம். இதனாலேயே ஒரு லீற்றர் குடிநீரில் 10 மைக்கிரோகிராமுக்கு மேல் ஆசனிக்கு இருத்தலாகாது என உலக சுகாதார ஸ்தாபனம் வழிகாட்டுகின்றது. நீரைக் கொதிக்க வைப்பதால் இந்நஞ்சு நீங்காது. நீர் ஆவியாக, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும்.

வியப்பு யாதெனில், இந்நஞ்சைப் பிடித்து நிறுத்தவும் இரும்பே உதவுகின்றது. இரும்பின் ஐதரொட்சைட்டு தன் மேற்பரப்பில் ஆசனிக்கைப் பற்றிக்கொள்வதால் நீர் வடிகட்டிகளில் அது பயன்படுகின்றது.

நீர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஓர் ஊரார் பொன்னை எடுத்துச் செல்ல, இன்னோர் ஊரார் நஞ்சைக் குடிப்பது அந்த அமானிதத்துக்குச் செய்யும் துரோகமல்லவா? பூமியைத் தோண்டுமுன் பொன்னோடு வேறென்ன வெளிவரும் என்று கேட்பதே அறிவுடைமை.