மரத்துக்கும் சாயம் ஏத்தலாம் பாஸ்!

பனியன் துணிக்கு எப்படிச் சாயம் ஏத்துறதுன்னு திருப்பூர் பசங்களுக்கு யாரும் கிளாஸ் எடுக்க வேண்டியதில்லை. உப்பு, சோடா, சூடு... பாதிப் பேருக்கு வீட்டுலயே தெரியும். அதே சாயத்தை ஒரு மரப் பேனாவுக்கு ஏத்தினா?

மூணு மணி நேரப் பரீட்சை முடியும்போது விரலெல்லாம் நீலமாகிடும்!

பருத்தி கிட்டத்தட்ட முழுக்க செல்லுலோஸ். ரியாக்டிவ் சாயம் அதோட கெட்டியா பிணைஞ்சுக்கும். பிணையாத மிச்சத்தைக் கழுவி எடுத்துடலாம். மரத்துல செல்லுலோஸ் ஏறக்குறைய பாதிதான். துணி மாதிரி அலசவும் முடியாது. மிச்சச் சாயம் உள்ளேயே உட்கார்ந்திருந்து, வேர்த்த கை பட்டதும் எட்டிப் பார்க்கும். ஆக, கலரைவிட மேல போடுற பூச்சுதான் முக்கியம்.

இதுல நம்ம ஆளுங்க எப்பவோ கில்லாடிகள். பெங்களூருவிலிருந்து மைசூரு போற வழியில இருக்கிற சென்னபட்டணத்துல கடைசல் பொம்மைக்கு எடுக்கிற மரம் எது தெரியுமா? சொரியாசிஸுக்கு எண்ணெய் காய்ச்சுறோமே, அதே வெட்பாலை! தந்தம் மாதிரி வெளுத்த மரம். அதோட தாவரவியல் பேர்லயே 'டிங்டோரியா'ன்னு சாயம் ஒட்டிக்கிட்டிருக்கு; இலையிலிருந்து நீலச் சாயம் எடுத்திருக்காங்க.

அங்கே மரத்தைச் சாயத்துல முக்குறதே இல்லை. கலர் கலந்த அரக்குக் குச்சியை, சுத்துற மரத்து மேல அழுத்துறாங்க. உரசல் சூட்டுல அரக்கு உருகி ஒட்டிக்கும். அப்புறம் தாழை மடலால ஒரு தேய்ப்பு, பளபளன்னு ஆயிடும். நம்ம அம்பாசமுத்திரம் சொப்பு சாமானும் இதே அரக்கு குடும்பம்தான்.

கவனிச்சீங்களா, இதுல ஒரு சொட்டு சாயத்தண்ணி கிடையாது! ரியாக்டிவ் சாயத் தொட்டியில லிட்டருக்கு 30-லிருந்து 80 கிராம் வரை உப்பு போடுறாங்க. அந்த உப்பு நொய்யல்ல கலந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது வரைக்கும் போச்சு. எத்தனை வீட்டுல அடுப்பு எரியலைன்னு இந்த ஊர்ல கேட்டாலே சொல்வாங்க. ஆந்திராவுல ஏட்டிகொப்பாகா கலைஞர்கள் ஒரு படி மேல போய், அரக்குல செடி கொடிச் சாயங்களையே கலக்குறாங்க. அந்த முயற்சியை முன்னெடுத்த சி.வி.ராஜுவுக்கு 2023-ல் பத்மஸ்ரீ கிடைச்சது. (மஞ்சளை மட்டும் நம்பாதீங்க, வெயில் பட்டா சீக்கிரமே வெளுத்துடும்.)

சாயம்தான் வேணும்னு அடம் பிடிக்கிறவங்களுக்கு: நல்லா காய்ஞ்ச, வெளுத்த மரமா எடுங்க. உப்புத்தாள் போட்டு முடிச்சதும் ஈரத்துணியால ஒரு துடை. நார் சிலிர்த்துக்கும். காய விட்டு மறுபடி லேசா தேய்ச்சுட்டு, அப்புறம் சாயம். கறுப்பை முதல்ல பூசி, தேய்ச்சு எடுத்துட்டு, மேல நீலம் போட்டா ரேகைகள் சூப்பரா எழும்பி நிக்கும். சாயப்பொடியைக் கலக்கும்போது மாஸ்க் கட்டாயம். மூச்சுல போனா ஆஸ்துமா வரைக்கும் இழுத்து விட்டுடும். ராத்திரி முழுக்கக் காய்ஞ்ச பிறகு பூச்சு.

பேனா கடையுறவங்க நிறையப் பேர் பூச்சா போடுறது நம்ம ஃபெவிக்விக் வகைப் பசையைத்தான், மெல்லிசா பல கோட்டிங். ஊர்ல சும்மா கிடைக்குதேன்னு அதைப் பனியன் வேஸ்ட்டால மட்டும் தடவிடாதீங்க! பருத்தியில பட்டா அந்தப் பசை குபீர்னு சூடேறி, புகையே வரும், விரல் வெந்துடும். சுத்துற கடைசல்ல துணி சிக்கினா கையையும் சேர்த்து இழுத்துடும். டிஷ்யூ பேப்பர் போதும். ஜன்னலைத் திறந்து வெச்சுக்கங்க, கண்ணு எரியும்.