குரோமியம் புகும் வாசல்

காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தடியில் பிள்ளை வரம் கேட்டு நிற்கும் தம்பதிகளில், மருத்துவரிடம் முதலில் போய்வந்தவர் பெரும்பாலும் மனைவியாகத்தான் இருப்பார். கணவர் என்ன வேலை பார்க்கிறார், அங்கே எதைச் சுவாசிக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. பாலாற்றுப் படுகையில் இது கேட்டாக வேண்டிய கேள்வி.

காஞ்சிக்கு மேற்கே, ஆற்றின் மேல்பகுதியில் ராணிப்பேட்டை. தோல் பதனிடுவதற்கான குரோமிய உப்புகளைத் தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை அங்கே 1990-களின் நடுவில் மூடப்பட்டது. விட்டுப்போன கழிவு சுமார் ஒன்றரை லட்சம் டன். மழைக்காலத்தில் அதிலிருந்து மஞ்சள் நீர் கசியும். பாலாற்றில் தோல் கழிவு கலப்பது பற்றி உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்பளித்தது. இந்தக் குவியலோ அதன் பிறகும் பல்லாண்டுகள் அங்கேயே கிடந்தது.

பதனிட்ட தோலில் இருப்பது மூவிணைதிறன் குரோமியம். அது செல்லுக்குள் எளிதில் நுழையாது. அந்த மஞ்சள் நீரில் இருப்பது ஆறிணைதிறன் வகை. உடலுக்குத் தேவையான சல்பேட்டின் சாயலில் இருப்பதால், சல்பேட்டுக்குத் திறக்கும் வாசலில் இதுவும் புகுந்துவிடும். உள்ளே போய் வேதிமாற்றம் அடையும்போது ஆக்சிஜனேற்றச் சேதம் உண்டாகிறது. விந்தணுவின் சவ்வில் எளிதில் கெடும் கொழுப்பு அதிகம், சேதத்தைச் சரிசெய்துகொள்ளும் திறனோ குறைவு.

இதை நேரில் சோதித்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்து ஆய்வாளர் மைக்கேல் அருள்தாஸ் குழுவினர். கோயில்களில் நாம் பார்க்கும் அதே நாட்டுக் குரங்குகளுக்கு ஆறு மாதம் குரோமியம் கலந்த நீரைக் கொடுத்தார்கள். விந்தணு எண்ணிக்கையும் நீந்தும் வேகமும் சரிந்தன. விரையின் திசுக்களே குலைந்தன. முடிவுகள் 2004 முதல் 2006 வரை வெளியாயின.

அவசரப்பட வேண்டாம். திசுக்கள் குலைந்த குரங்குகள் குடித்த நீரில் லிட்டருக்கு 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் குரோமியம் இருந்தது. குடிநீருக்கான வரம்பு 0.05 மில்லிகிராம்தான். எனவே பாலாற்று நீரைக் குடித்தாலே மலடு என்று கிளப்பிவிடுவது அபத்தம். கவலைப்பட வேண்டியது தொழிலாளியைப் பற்றி. குரோம் முலாம் பூசும் தொட்டியிலிருந்து அமிலப் புகைமூட்டம் நேரே மூக்குக்குள் போகிறது. குரோமியத்தோடு புழங்கும் தொழிலாளர்களிடம் உருக்குலைந்த விந்தணுக்கள் கூடுதல் என்று அகமதாபாத் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தின் 2005 ஆய்வு காட்டியது.

குரங்குகளின் கதையில் இன்னொரு பாதியும் உண்டு. குரோமியத்தை நிறுத்திய ஆறு மாதத்துக்குள் விந்து பழைய நிலைக்குத் திரும்பியது. கூடவே வைட்டமின் சி பெற்ற குரங்குகளுக்குப் பாதிப்பே தெரியவில்லை. அதற்காக நெல்லிக்காயை மென்றுகொண்டு முகக்கவசம் இல்லாமல் தொட்டியருகே நிற்க முடியாது. மனிதனில் ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள் ஆகிறது. வேலையிடம் மாறியவருக்கு அடுத்த வாரமே எடுக்கும் பரிசோதனை பழைய பட்டறையின் கணக்கையே காட்டும். மூன்று மாதம் கழித்து ஒன்று, ஆறு மாதம் கழித்து இன்னொன்று எடுத்துப் பார்ப்பதுதான் முறை.