வலிமையா, குறியா?

திருவிழாப் பந்தயங்களில் பெரும்பாலும் கைவலிமை உள்ளவரே வெல்கிறார். குறிபார்க்கத் தெரிந்த எவரும் வெல்லவேண்டும் என்று எண்ணி, நெம்புகோல் தத்துவத்தால் ஒரு நீர்ப்பலூன் விளையாட்டை அமைத்தேன்.

ஒரு மீட்டர் மரச்சட்டத்தில், முனையிலிருந்து 20 செ.மீ. தள்ளித் துளையிட்டு, ஆறடிக் கம்பத்தின் உச்சியில் கிடையாகச் சுழலுமாறு மரையாணியால் பொருத்தவேண்டும். நீண்ட முனையில் தகரமூடி, அதுவே இலக்கு. குறுகிய முனையில் கூரிய ஆணி. அதற்கு 2 செ.மீ. முன்னால் நீர்ப்பலூன் தொங்கும். அது விலகி ஆடாதிருக்க முன்புறம் ஒரு குறுக்குக்குச்சி.

துணிப்பந்து மூடியில் பட்டதும் ஆணி முன்னேறும். நகரும் தூரம் நான்கில் ஒன்று. விசையோ நான்கு மடங்கு! சிறுமியின் மெல்லிய வீச்சுக்கும் பலூன் உடையும். சைக்கிள் டியூப் பட்டை சட்டத்தைப் பழைய நிலைக்கு இழுத்துவிடும்.

கீழே முக்காலியில் அமர்ந்திருப்பவர் நனைவார். வலியவர், மெலியவர் என்ற பேதம் நெம்புகோலுக்கு இல்லை.